பாண்டிச்சேரியிலிருந்து வந்த காலிப் பீப்பாய்

பீர் குடிக்கப் பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் எங்கள் தெருவிலேயே பத்துப் பேராவது இருப்பார்கள். பீர் தீர்ந்துபோன பீப்பாயைத் தேடிக்கொண்டு போனது நான் ஒருத்திதான். அவர்கள் போய்வருவதை யாரும் கேட்பதில்லை. நான் போய்வந்ததை மட்டும் எங்கள் ஊர் அடி அண்ணாமலை முழுக்கப் பேசியது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

நிதானமாக எழுத வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு தூரம் முடிகிறதோ பார்க்கலாம்.

எங்கள் வீடு கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி, மலையைச் சுற்றி நடக்கிறவர்களுக்கு எங்கள் தெருவில் சுக்குக் காபி கொடுக்கிறோம். அதற்கு ஒரு குழு உண்டு. குழுவுக்கு ஒரு பேனர் உண்டு. பேனரில் பன்னிரண்டு ஆண்கள் கும்பிட்டபடி நிற்பார்கள். சுக்கு இடிப்பது, மல்லி வறுப்பது, வெல்லம் தட்டுவது, காய்ச்சுவது, காய்ச்சியதைத் தூக்கிக்கொண்டு போவது எல்லாம் பெண்கள். பேனரில் இடம் இல்லை என்று ஒரு முறை சொன்னார்கள். நாங்கள் இடம் கேட்கவே இல்லை, அவர்களாகவே சொன்னார்கள்.

காய்ச்சுவதற்கு ஒரு அலுமினிய அண்டா. அதன் அகலத்துக்கு எந்த கேஸ் அடுப்பும் போதாது. மூன்று கல் வைத்து விறகுதான் எரிக்க வேண்டும். பாதையில் விறகு எரிக்க அனுமதி இல்லை. அதனால் எங்கள் வீட்டுப் பின்பக்கம் காய்ச்சி, கொதிக்கக் கொதிக்க அண்டாவை இரண்டு பெண்கள் ஆளுக்கு ஒரு காதைப் பிடித்துக்கொண்டு பந்தல் வரைக்கும் தூக்கிப் போக வேண்டும். இருபது முப்பது தப்படிதான். நடுவில் ஒரு சாக்கடை, அதன் மேல் ஒரு பலகைக் கல். மூடினாலும் நடக்கிற ஆட்டத்தில் தளும்பும். நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். அண்டாவைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அந்த அண்டா ஒரு நாள் யார் மேலாவது கவிழும் என்று குழுவில் நான் எத்தனையோ தடவை சொல்லியிருந்தேன்.

என் தங்கச்சி மேல் கவிழ்ந்தது. பலகைக் கல்லில் அவள் கால் வழுக்கியது. இடது கால், முட்டிக்குக் கீழே கணுக்கால் வரைக்கும் வெந்துபோனது. ஒருத்தி பற்பசை எடுக்க ஓடினாள், ஒருத்தி தோசை மாவு கொண்டுவந்து அப்பினாள், குழுத் தலைவர் விபூதியை மந்திரித்துப் போட்டார். தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்துத்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அந்த மாவைக் கழுவி எடுக்கும்போது என் தங்கச்சி போட்ட சத்தம் வராந்தா கடைசி வரைக்கும் கேட்டது. "முதல்ல தண்ணிதானே ஊத்தணும், இருபது நிமிஷம் ஊத்திக்கினே இருந்திருந்தா இவ்ளோ ஆழத்துக்குப் போயிருக்காதே" என்று நர்ஸ் என்னைத் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

குழுவிலிருந்து சாத்துக்குடிப் பையோடு வந்து பார்த்தார்கள். அடுத்த பௌர்ணமிக்கு அதே அண்டாவில், அதே கல் மேல், வேறொருத்தி அந்தக் காதைப் பிடித்தாள். இரண்டு மாதம் கழித்துப் புண் ஆறியதும் என் தங்கச்சி கரித்துணியை எடுத்துக்கொண்டு மறுபடி போய் நின்றாள். யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே போனாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அண்டாவை இனி ஒருத்தியும் தூக்கக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அப்போது எங்கள் மாடியில் ஒரு வெள்ளைக்காரர் குடியிருந்தார். வெயில் காலம் தொடங்கினால் ஊருக்குப் போய்விடுவார், குளிருக்குத் திரும்பி வருவார். தமிழ் பாதி வரும். நான் யாரிடமோ போனில் இதைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தார். "அம்மா, எங்க ஊர்ல பீர் பேரல் இருக்கு. அதை வெட்டி, வீட்ல பீர் காய்ச்சறது" என்று போனில் படம் காட்டினார். அவர் வீட்டுக் கொட்டகையில் மூன்று அடுப்பின் மேல் மூன்று பீப்பாய்கள். ஒவ்வொன்றும் ஐம்பது லிட்டர் பிடிக்கும், கனமான எவர்சில்வர். தலையை வட்டமாக அறுத்து எடுத்திருந்தார். அடியில் ஒரு குழாய் வைத்திருந்தார். "தூக்க வேண்டாம். திறந்தா வரும்" என்றார்.

அந்த நான்கு வார்த்தைக்காக அவர் ஒரு மாத வாடகையைக்கூடத் தராமல் போயிருக்கலாம். சாதாரண பர்னர் அடுப்பில் உட்காருகிற அளவு. பந்தலிலேயே வைத்துக் காய்ச்சலாம், பந்தலிலேயே பிடித்துக் கொடுக்கலாம்.

அவர் இரண்டு எச்சரிக்கை சொன்னார். ஒன்று, காலிப் பீப்பாய்க்குள்ளும் காற்று அழுத்தமாக அடைந்திருக்கும். தலையில் இருக்கிற வால்வை அமுக்கி அதை வெளியே விடாமல் அறுக்கக் கூடாது. இரண்டாவது, பீப்பாய் மேல் கம்பெனி பெயர் பொறித்திருந்தால் அது கம்பெனியின் சொத்து. பார்காரன் முன்பணம் கட்டி வாங்கி வைத்திருப்பான், திருப்பித் தர வேண்டும். அதை எவன் விற்றாலும் திருட்டு. "நான் ஒண்ணு வாங்கினேன், சின்ன வயசுல. தெரியாம. அப்புறம் திருப்பிக் குடுத்தேன்" என்றார். சொல்லும்போது அவர் முகம் சிவந்ததைப் பார்த்தேன்.

திருவண்ணாமலையில் உள்ள காயலான் கடைகள் அத்தனையும் ஏறி இறங்கினேன். பீர் பேரல் என்று ஒரு பெண் கேட்டால் நம் ஊர்க் கடைக்காரன் பார்க்கிற பார்வை இருக்கிறதே. ஒருவன், "குடிக்கறதுக்கா, குளிக்கறதுக்கா" என்று கேட்டான். உன் தலையில் கவிழ்க்கிறதுக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். நம் பக்கம் பீர் பாட்டிலில்தான் வருகிறது, பீப்பாய் கிடைக்காது, பாண்டிச்சேரிதான் போக வேண்டும் என்று கடைசியில் ஒரு கடைக்காரர் மட்டும் ஒழுங்காகப் பதில் சொன்னார்.

போனேன். முதல் கடையில் தார்ப்பாய்க்குக் கீழே வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் கம்பெனி பெயர். பில் கேட்டேன்.

"பேரலுக்குப் பில்லா? நீங்க எந்த ஊருக்கா?"

"திருவண்ணாமலை."

"அப்போ அரோகரா சொல்லிட்டு எடுத்துனு போங்க. பேருதான் பிரச்சினைன்னா மிஷின்ல தேச்சுக் குடுத்துடறேன்."

பெயரைத் தேய்த்துவிட்டால் திருட்டுப் போய்விடும் என்று அவன் உண்மையாகவே நம்பினான். சாமிக்கு நடக்கிறவர்களுக்குத் திருட்டுப் பாத்திரத்தில் காய்ச்சிக் கொடுக்கச் சொல்கிறாயா என்று கேட்டேன். அதற்கும் சிரித்தான். அதற்குப் பிறகு மூன்று கடை, மூன்றிலும் அதே கதை, அதே சிரிப்பு. மத்தியானம் ஆகிவிட்டது. செருப்பு வார் வேறு அறுந்துபோனது. ஊரில் இருக்கிறவன் எல்லாம் திருடிக் குடிக்கிறான், நான் மட்டும் எதற்கு இப்படி அலைகிறேன் என்று நடு ரோட்டில் நின்று அழுதேன். துக்கத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது.

செருப்புத் தைத்தவர்தான் வழி சொன்னார். கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலை மூடிக்கொண்டிருக்கிறார்கள், நாற்காலி மேசை எல்லாம் விற்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்றார். போனேன். ஓட்டல்காரர் தானே பீர் காய்ச்சி விற்கலாம் என்று இரண்டு பீப்பாய் புதிதாகச் சொந்தமாக வாங்கியிருக்கிறார். வெளியே வாங்கிய பீரைக் கொஞ்ச நாள் அதில் பிடித்து வைத்திருந்ததோடு சரி, காய்ச்ச அனுமதி கிடைக்கவில்லை. ஒன்றை யாரோ பூந்தொட்டிக்கு வாங்கிப் போய்விட்டார்கள். ஒன்று மிச்சம். எந்தப் பெயரும் பொறிக்காமல் மொழுக்கென்று இருந்தது. எதற்கு என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் சிரிக்கவில்லை. வாங்கின பில்லைத் தேடி எடுத்து, இன்னாருக்கு விற்றேன் என்று பின்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். இந்தக் கதையில் எனக்குக் கோபம் வராத இரண்டு மூன்று பேரில் அவர் ஒருவர்.

ஒரு குட்டி லாரி வாடகைக்குப் பேசி ஏற்றிக்கொண்டு வந்தேன். எல்லையில் நிறுத்தினார்கள். பாட்டில் கடத்துகிறவர்களைப் பிடிக்க நிற்கிற போலீஸ்காரர் ஒருவர், பீப்பாயை ஆட்டிப் பார்த்தார். உள்ளே அடியில் கொஞ்சம் தளும்பியது.

"காலின்னு சொன்னீங்க?"

"அடியில பழசு கொஞ்சம் நின்னுனு இருக்குது சார். வால்வை அமுக்காதீங்க. காத்து இருக்குது, பீச்சி அடிக்கும்."

"எனக்குச் சொல்லித் தராதீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை வாங்கி அமுக்கினார். எத்தனை மாதத்துப் பீரோ தெரியவில்லை, சட்டை, தொப்பி, மீசை எல்லாவற்றிலும் அடித்தது. அதற்கும் குற்றவாளி நான்தான். ஒன்றரை மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தார். பில்லை நான்கு தடவை படித்தார். கடைசியில், இவரோடு நிற்க முடியவில்லை, நாறுகிறது என்று கூட இருந்த போலீஸ்காரரே எங்களை அனுப்பிவிட்டார்.

கீழ்பென்னாத்தூர் ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறை. அதில் இருந்தவர் வேலை தெரிந்தவர். மிச்சம் இருந்த காற்றையும் விட்டு, வால்வைக் கழற்றி, உள்ளே தண்ணீர் நிரப்பிவிட்டுத் தலையை வட்டமாக அறுத்தார். கை கிழிக்காமல் இருக்க விளிம்பை அரத்தால் ராவினார். அடியில் ஒரு குழாய் வைத்துப் பற்றவைத்தார். நான் சோடா உப்பும் புளியும் போட்டு இரண்டு நாள் தேய்த்தேன். மூன்று தடவை தண்ணீர் கொதிக்க வைத்துக் கொட்டினேன். நான்காவது தடவை கொதிக்க வைத்த தண்ணீரை என் தங்கச்சி ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துப் பார்த்து, "தண்ணியாட்டமேதான் இருக்குதுக்கா" என்றாள். அவ்வளவு பளபளப்பான பாத்திரம் எங்கள் பள்ளிக்கூடத்தில்கூடக் கிடையாது.

பிள்ளையார் கோயில் முன்னால், வேப்ப மரத்தடியில் குழு கூடியது. பீர் இருந்த பாத்திரம் தீட்டு என்றார் ஒருவர். அவரைப் பற்றி எங்கள் தெரு நாய்க்கும் தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவர் நேராக நடந்து நான் பார்த்ததில்லை.

"பாத்திரத்துக்குத் தீட்டுன்னா, பீர் இருந்த வயித்துக்கு?" என்று கேட்டேன்.

இரண்டு பேர் அண்ணாந்து வேப்ப மரத்தைப் பார்த்தார்கள். அவர் மட்டும் பொம்பளைக்கு வாய் ஜாஸ்தி என்று முணுமுணுத்தார். ஆமாம், ஜாஸ்திதான். வாய் கம்மியாக இருந்த என் தங்கச்சிக்கு என்ன கிடைத்தது என்று திருப்பிக் கேட்டேன்.

குழுத் தலைவர் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் அவர் குடிக்க மாட்டார். எதையும் முடிவு செய்யவும் மாட்டார். "நீ பேசறது நாயந்தாம்மா. ஆனா பார்க்கற ஜனம் இன்னா சொல்லும்? அதன் ரூபமே காட்டிக் குடுக்குதே" என்றார். பிறகு அவரே ஒரு யோசனை கண்டுபிடித்தார். பீப்பாய்க்குப் பெயிண்ட் அடித்துவிடலாம். சிவப்புப் பெயிண்ட், அதன் மேல் மூன்று பட்டை வெள்ளை, நடுவில் பொட்டு, கீழே மஞ்சளில் ஓம் நமசிவாய. அப்புறம் யாருக்கும் எதுவும் தெரியாது.

"அண்ணே, அது அடுப்பு மேல ஏறப்போற பாத்திரம்."

"பெயிண்ட் நல்லா காஞ்சிட்டா ஒண்ணும் ஆவாதும்மா. சாமி பேருதானே."

அன்றைக்கே நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஒத்துக்கொண்டார்களே, அது போதும், அண்டா போனால் போதும் என்று வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்ட நேரங்கள் குறைவு. இது அதில் ஒன்று, அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

பௌர்ணமி அன்று நான்கு மணிக்குப் பீப்பாயைப் பந்தலில் அடுப்பின் மேல் ஏற்றினோம். மாலை போட்டு, கற்பூரம் காட்டி, தலைவர் கையால் அடுப்பைப் பற்ற வைத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். அரை மணி நேரத்தில் பொட்டு கொப்பளித்தது. அப்புறம் பட்டைகள் உரிந்து தொங்கின. அடுத்து அடியிலிருந்து கருப்பாகப் புகை கிளம்பிப் பந்தல் முழுக்கச் சூழ்ந்துகொண்டது. நடந்து வந்தவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போனார்கள். நான் அடுப்பை அணைத்து, ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துப் பார்த்தேன். உள்ளே சுக்குக் காபிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த நாற்றத்தில் நின்று யார் குடிப்பார்கள்?

வேப்ப மரத்தடியில் தீட்டு என்று சொன்ன அதே ஆள், "நான் அன்னைக்கே சொன்னேன். பார்த்தீங்களா, பீர் நாத்தம்" என்றார். பீர் எப்படி நாறும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே சொன்னார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அவர்கள் அடித்த பெயிண்ட், அவர்கள் கண் முன்னால் எரிகிறது. பழி மட்டும் பீருக்கு. காபியைச் சாக்கடையில் கொட்டச் சொன்னார்கள். கொட்டினோம்.

"சரி, பழைய அண்டாவை ஏத்துங்க" என்றார் தலைவர் அண்ணன். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

பின்பக்கம் போய் விறகை மூட்டினோம். புகையில் கண் எரிந்தது. கொதித்து வந்ததும் என் தங்கச்சி கரித்துணியை மடித்து இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு அண்டாவின் காதருகே போய் நின்றாள். அவளை ஒருவரும் கூப்பிடவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அந்தத் துணியைப் பிடுங்கிக்கொண்டு பந்தலுக்கு வந்தேன்.

"நீங்க தூக்குங்கண்ணே" என்று தலைவர் மடியில் போட்டேன்.

"ஏன், தூக்க மாட்டனா?" என்று எழுந்தார். எல்லோரும் பார்க்கிறார்களே, வேறு வழி இல்லை. தீட்டுக்காரரையும் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். தூக்கினார்கள். ஐந்தாவது தப்படியிலேயே அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. பலகைக் கல்லில் கால் வைத்ததும் அண்டா அவர் பக்கம் சாய்ந்து தளும்பியது. ஒரு கரண்டி அளவுதான் இருக்கும், அவர் வலது பாதத்தில் விழுந்தது. இரண்டு பேரும் அண்டாவை விட்டுவிட்டு விலகினார்கள். அது சாக்கடைப் பக்கம் சரிந்து அத்தனையும் கொட்டிப்போனது.

"தேங்காண்ணெ, தேங்காண்ணெ எடுத்துனு வாங்க" என்று அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து கத்தினார். அதற்குள் என் தங்கச்சி ஒரு குடம் தண்ணீரோடு அவர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணும் வாணாம்ணே. தண்ணிதான். காலை எடுக்காதீங்க" என்று சொம்பில் மொண்டு ஊற்றத் தொடங்கினாள். தீட்டுக்காரரைப் பார்த்து இன்னொரு குடம் கொண்டுவரச் சொன்னாள். அவர் கொண்டுவந்தார். புடவை நனையாமல் இருக்க முட்டி வரைக்கும் தூக்கிச் செருகியிருந்தாள். அவளுடைய இடது கால் அண்ணனுடைய பாதத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சுருங்கிப்போன அந்தத் தோலை அவர் அன்றுதான் முதல் தடவை பார்த்தார். அதுவரைக்கும் பார்க்கவே இல்லையா என்று கேட்டால், ஆமாம், விபூதி போட்ட அன்று மாவு மூடியிருந்தது, சாத்துக்குடி கொடுத்த அன்று கட்டுப் போட்டிருந்தது. அப்புறம் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

நான் என்றால் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டேன். இதை மறைக்க விருப்பமில்லை. தோசை மாவுதான் எடுத்து வந்திருப்பேன்.

"போதுமாம்மா?" என்று அவர் கேட்டார்.

"இருபது நிமிஷம்ணே. எழுந்துக்காதீங்க" என்றாள்.

இருபது நிமிடம். அவர் எங்கேயும் போக முடியாது. நான் பந்தலுக்குப் போய், ஆறிப்போயிருந்த பீப்பாயைச் சாய்த்து, உருட்டிக்கொண்டே வந்து அவர் மடியருகே நிறுத்தினேன். கம்பி பிரஷ்ஷை எடுத்து நீட்டினேன்.

"கால்லதானே பட்டுச்சு. கை சும்மாதானே இருக்குது. சுரண்டுங்கண்ணே."

என்னை ஒரு தரம் பார்த்தார். வாங்கிக்கொண்டார். பட்டையைச் சுரண்டினார், சிவப்பைச் சுரண்டினார், உள்ளேயிருந்து எவர்சில்வர் தெரிந்தது. என் தங்கச்சி தலை நிமிராமல் ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஓம் என்ற எழுத்துக்கு வந்ததும் அவர் கை நின்றது.

"அதையும்தான்" என்றேன்.